மாமாவை யார் நிறுத்துவது? கரும்புப் பண்ணைச் சுடுதளத்தில் தப்பிய ஒரு விபத்து

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடக்குக் கடற்கரைப் பக்கம், ஒரு கரும்புப் பண்ணையின் ஓரத்தில் இருக்கும் தனியார் சுடுதளம். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் என்று பல இடங்களில் பிரிந்து வாழும் ஒரே தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த 11 பேர் ஒரு சனிக்கிழமை காலை கைத்துப்பாக்கிப் பயிற்சிக்காக அங்கே கூடினார்கள். மதியத்துக்குள், இலக்குகளின் அருகே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்த நேரத்தில் ஒரு குண்டு சுடப்பட்டது. யாருக்கும் காயமில்லை. அடுத்த இரண்டு நொடிகளில் நடந்தது அதைவிட மோசமானது. ஆனால் அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவே இல்லை.

குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் நானும் இன்னொரு சுடுதளப் பொறுப்பாளரும் அந்த 11 பேரிடமும் தனித்தனியே பேசினோம். அன்று 16 வயதுப் பையன் ஒருவன் கைப்பேசியில் எடுத்த காணொளியும் எங்களுக்குக் கிடைத்தது. அது இல்லாவிட்டால் இந்த ஆய்வு வெறும் வாய்ச் சண்டையாகவே முடிந்திருக்கும். ஊர், பண்ணை, பெயர்கள் எதையும் இங்கே எழுதவில்லை. உறவுமுறைகளை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன். நடந்ததற்குக் காரணத்தில் பாதி அந்த உறவுமுறைகளுக்குள்தான் இருக்கிறது.

கூடியவர்களும் கூடிய காரணமும்

2021 ஜூலைக் கலவரத்தில் நாட்டில் 350-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். பெரும்பாலான இறப்புகள் எங்கள் மாகாணத்தில்தான். தெருமுனைகளில் தடுப்புகள் போட்டுக்கொண்டு ஆயுதங்களோடு நின்ற கூட்டங்களையும், பீனிக்ஸில் அதன் விளைவாக நேர்ந்த சாவுகளையும் இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அந்த வாரத்துக்குப் பிறகு, அதுவரை துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத பல வீடுகளில் அதைப் பற்றிய பேச்சு தொடங்கியது. இந்தக் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். பயிற்சி பெற வேண்டும் என்று அவர்கள் நினைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். பயிற்சி இல்லாமல் பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்பதைவிட அது மேல்.

11 பேரில் 4 பேருக்கு உரிமம் இருந்தது. மற்றவர்கள் சுட்டதும் சட்டப்படி தவறில்லை. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் சட்டமான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-ஆம் பிரிவின்படி, உரிமம் உள்ளவர் தன் நேரடி மேற்பார்வையில், பாதுகாப்பான இடத்தில், சட்டபூர்வமான நோக்கத்துக்காக இன்னொருவர் தன் துப்பாக்கியைப் பயன்படுத்த அனுமதிக்கலாம். ஆகவே அன்று சட்டத்தின் கண்ணில் 4 மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் துப்பாக்கியையும் அதைப் பிடித்திருந்தவரையும் பார்த்துக்கொண்டார்கள். மொத்த வரிசையையும் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவர்கூட இல்லை.

பெரிய மாமாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. 1969-ஆம் ஆண்டின் பழைய ஆயுதச் சட்டம் நடப்பில் இருந்த காலத்திலேயே உரிமம் வாங்கியவர். புதிய சட்டம் வந்தபின் தகுதிச் சான்றிதழுக்கான தேர்வையும் முறையாக எழுதியவர். அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட அனுபவம் அதிகம். ஆனால் அந்த அனுபவமெல்லாம் தனியாகச் சுட்ட அனுபவம். அன்றைய நாளை ஏற்பாடு செய்தவர் அவருடைய அக்கா மகன். தங்கை மகள் ஒருத்தி செவிலியர். வயது இருபதுகளின் நடுவில். ஓராண்டுக்கு முன்புதான் தகுதிச் சான்றிதழ் பெற்றவள். இந்த மூவரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நடந்தது

5 சுடுமிடங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர். இலக்குத் தாள்கள் 10 மீட்டரில். அவற்றின் பின்னால், குன்றை வெட்டி எழுப்பிய உயரமான மண்மேடு. இடத்தில் குறையில்லை. பின்னால் ஒரு மேசை. அதில் தோட்டாப் பெட்டிகளும் துப்பாக்கிகளும். அதற்கும் பின்னால் நிழலில் நாற்காலிகள். ஒரு பக்கியின் (திறந்த சரக்குப் பகுதியுள்ள சிறு வண்டி) பின்பகுதியில் மதிய ப்ராய்க்கான (திறந்தவெளியில் இறைச்சி சுட்டுச் சாப்பிடுவது) இறைச்சியும் ஐஸ் பெட்டியும். யாரும் குடித்திருக்கவில்லை; எல்லோரிடமும் கேட்டோம், காணொளியும் அதையே காட்டுகிறது.

மூன்றாவது சுற்று முடிகிற நேரத்தில், அக்கா மகன் தன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "எல்லோரும் முடித்தாயிற்றா? தாள் மாற்றப் போகிறோம்" என்று குரல் கொடுத்தார். முதல் இடத்தில் நின்றவர் அவரே. அடுத்த மூவரும் ஆம் என்றார்கள். ஐந்தாவது இடத்தில் பெரிய மாமா. அவர் பதில் சொல்லவில்லை. காதுக்குள் பஞ்சு அடைப்பான். அதன் மேல் காது மூடி. சுடும்போது எழும் ஓசையின் உச்சம் 140 டெசிபெலைத் தாண்டும் என்பதால் இரட்டைப் பாதுகாப்பு சரியான பழக்கம்தான். அதே பழக்கம் மனிதக் குரலையும் மறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அவருடைய துப்பாக்கியில் ஒரு தோட்டா, சுடும் முன் அது உட்கார வேண்டிய அறைக்குள் ஒழுங்காக ஏறாமல் சிக்கியிருந்தது. தலையைக் குனிந்து மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றினார்; ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) இழுத்தார்; உதறினார்; மேகசினை மீண்டும் செருகினார்; ஸ்லைடை விட்டார். சிக்கலைத் தீர்த்த முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடநூலில் இருப்பது போலவே செய்தார்.

இதற்குள் அக்கா மகனும் அவருடைய தம்பியும் முதல் இரண்டு இலக்குகளை நோக்கி நடந்து போய்விட்டார்கள். பெரிய மாமா நிமிர்ந்தார். அவர் கண் தன் இலக்கில் மட்டும் இருந்தது. சுட்டார். குண்டு தாளைத் துளைத்து மண்மேட்டில் புதைந்தது. குரல் கொடுத்ததற்கும் சுட்டதற்கும் இடையே 22 நொடிகள். அந்த இருவரும் குண்டு போன வழியிலிருந்து பக்கவாட்டில் 6 முதல் 8 மீட்டர் தள்ளி நின்றார்கள். ஐந்தாவது இலக்கிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்திருந்தால் கதை வேறு.

இனி அந்த இரண்டு நொடிகள். பின்னால் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் அலறினார்கள். "மாமா! மாமா!" அந்தக் கூச்சல் மட்டும் காது மூடியைத் தாண்டி அவரை எட்டியது. கூப்பிட்ட பக்கம் யார்தான் திரும்பமாட்டார்கள்? அவரும் திரும்பினார். கையில் துப்பாக்கி, அறையில் அடுத்த தோட்டா தயார், விரல் விசையில். துப்பாக்கியின் முனை மேசையருகே நின்ற மூவரின் வயிற்று மட்டத்தைக் கடந்து போவது காணொளியில் தெளிவாகத் தெரிகிறது. காணொளி எடுத்த பையனும் அந்த மூவரில் ஒருவன்.

முதல் குண்டு தவறான நேரத்தில், ஆனால் சரியான திசையில் போனது. அந்தத் திரும்பலில் இன்னொரு குண்டு வெடித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். ஒரு காவல் துறை அதிகாரி எழுதிக்கொண்டிருப்பார். மனிதக் கை ஏன் தானாக விசையை அழுத்துகிறது என்பதை உடலியல் ஆய்வாளர் ரோஜர் எனோக்கா விளக்கியிருக்கிறார். திடுக்கிடுவது, நிலை தடுமாறுவது, ஒரு கையால் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மறுகையும் சேர்ந்து இறுகுவது ஆகிய மூன்றையும் அவர் முக்கியக் காரணங்களாகச் சொல்கிறார். பெரிய மாமா அப்போது திடுக்கிட்டிருந்தார். உடலைத் திருப்பிக்கொண்டும் இருந்தார். மூன்றில் இரண்டு.

எல்லாம் அடங்கிய பிறகு, மேசையில் இருந்த துப்பாக்கிகளைச் செவிலியர் மருமகள் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஒன்றில் மேகசின் இல்லை. ஆனால் அறைக்குள் தோட்டா இருந்தது. அதை வைத்தவர் முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு, பிறகு மேகசினைக் கழற்றியிருக்கிறார். வரிசை மாறிவிட்டால் இதுதான் நடக்கும்: ஸ்லைடை இழுக்கும்போது அறையிலிருந்த தோட்டா வெளியே வந்து விழுகிறது, அதைப் பார்த்து மனம் நிம்மதி அடைகிறது, அதே அசைவில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடுகிறது. பிறகு மேகசினைக் கழற்றினால் என்ன, கழற்றாவிட்டால் என்ன? அந்தத் துப்பாக்கி காலையிலிருந்து 3 பேர் கை மாறியிருந்தது. யார் அப்படி வைத்தது என்பதைக் கடைசி வரை எங்களால் உறுதி செய்ய முடியவில்லை.

காயமில்லை என்பதன் பொருள்

"ஒன்றும் ஆகவில்லையே, இதற்கு எதற்கு விசாரணை?" என்று குடும்பத்திலேயே சிலர் கேட்டார்கள். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. 120-ஆம் பிரிவின்படி, பிறருடைய பாதுகாப்புக்கு ஆபத்து விளையக்கூடிய வகையில் துப்பாக்கியைக் கவனக்குறைவாகக் கையாண்டாலே குற்றம். காயம் பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இந்த நாட்டில் எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2013 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் மெல்ரோஸ் ஆர்ச்சில் ஓர் உணவகத்தில் நண்பர்கள் சிலர் ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள். ஓட்டப் பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் ஒரு நண்பரின் கிளாக் துப்பாக்கியைப் பார்க்கக் கேட்டார். அது மேசைக்கு அடியில் கை மாறியது. அறைக்குள் தோட்டா இருப்பதாகச் சொல்லித்தான் கொடுத்ததாக அந்த நண்பர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். துப்பாக்கி வெடித்தது, குண்டு தரையில் பாய்ந்தது, அதே மேசையில் இருந்த குத்துச்சண்டை வீரர் கெவின் லெரேனாவின் கால்விரல் லேசாக உரசுப்பட்டது. 2014 செப்டம்பரில் நீதிபதி தோகோசிலே மசிபா பிஸ்டோரியஸைக் கவனக்குறைவாகத் துப்பாக்கியைக் கையாண்ட குற்றத்துக்கும் குற்றவாளி என்று அறிவித்தார். மூன்றாண்டுச் சிறை, ஐந்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அதே வழக்கில் விசாரிக்கப்பட்ட, அவர் சுட்டதில் இறந்த காதலி ரீவா ஸ்டீன்காம்ப்பின் மரணம்தான் உலகுக்கு நினைவிருக்கிறது. துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிற எங்களுக்கு அந்த உணவக மேசையும் ஒரு பாடம். சொல்லித்தான் கொடுத்தார், கேட்டுத்தான் வாங்கினார், இருந்தும் வெடித்தது. வாயால் சொன்ன எச்சரிக்கை கைக்கு எட்டவில்லை. துப்பாக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது அறை திறந்த நிலையில், வாங்குபவர் கண்ணால் பார்த்த பிறகுதான் போக வேண்டும் என்பதை அதற்குப் பிறகும் பலர் சடங்காகவே நினைக்கிறார்கள்.

வரிசையை விட்டுப் போனவர்கள்

துப்பாக்கிப் பாதுகாப்புக்கு ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வகுத்த நான்கு விதிகளை உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன் மீதும் முனையைக் காட்டாதே. குறி பார்க்கும் வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். பெரிய மாமாவிடம் கேட்டபோது நான்கையும் தடங்கலின்றிச் சொன்னார்; தாளில் எழுதவும் செய்தார். தனியாகச் சுடுகிறவருக்கு அந்த நான்கும் போதும். அவை ஒவ்வொன்றும் ஒரு மனிதனுடைய கையையும் கண்ணையும் பற்றியவை. மற்றவர்கள் நடமாடுகிறார்கள், அவர்கள் இருக்கும் இடம் 22 நொடிகளில் மாறிவிடும் என்பதை அந்த நான்கும் நேரடியாகச் சொல்வதில்லை.

அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி 2006 பிப்ரவரி 11 அன்று டெக்சாஸில் காடை வேட்டைக்குப் போனபோது நடந்ததும் இதே வகைதான். ஹாரி விட்டிங்டன் என்ற 78 வயது வழக்கறிஞர், தான் சுட்ட பறவையைத் தேடி வரிசையிலிருந்து விலகிப் போனார். பிறகு பின்பக்கமாகத் திரும்பி வந்தார். பறந்த ஒரு பறவையைத் தொடர்ந்து துப்பாக்கியோடு திரும்பிய செனி சுட்டபோது, சிதறிய சிறு குண்டுகள் விட்டிங்டனின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பட்டன. சில நாட்களில் லேசான மாரடைப்பும் வந்தது, பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்ததை அவர் குரல் கொடுத்து அறிவிக்கவில்லை என்று ஒரு தரப்பு சொன்னது. திரும்பும் முன் பார்த்திருக்க வேண்டியவர் சுட்டவர்தான் என்று மறுதரப்பு சொன்னது. என் எண்ணத்தில் இரண்டும் சரி. அதனால்தான் அந்த விவாதத்தால் பயனில்லை. வரிசையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று கணக்கு வைத்துக்கொண்டு, சுடாமல் நிற்கிற ஒருவர் இருந்தாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம்முடைய நிகழ்வில் அந்தக் கணக்கை வைக்க வேண்டிய அக்கா மகன் தானும் சுட்டுக்கொண்டிருந்தார். 4 பேரிடமிருந்து பதில் வர வேண்டிய இடத்தில் 3 பதில் வந்தது. காதுக்கு 3 குரல் கேட்டால் மனம் அதை "எல்லோரும்" என்று எடுத்துக்கொள்கிறது.

போட்டிகள் நடக்கும் தளங்களில் இதற்கு விடை எப்போதோ கண்டுவிட்டார்கள். சுடுபவரின் பக்கத்தில் பொறுப்பாளர் நிற்பார். முடித்ததும் துப்பாக்கியை வெறுமையாக்கி, அறையைத் திறந்து காட்டச் சொல்வார்; தன் கண்ணால் பார்ப்பார்; உறைக்குள் போன பிறகுதான் தளம் பாதுகாப்பானது என்று அறிவிப்பார். அந்த அறிவிப்பு வரும் வரை யாரும் ஓர் அடி முன்னே வைக்கமாட்டார்கள். குடும்பமாகப் போகிறவர்கள் இதை ஏன் செய்வதில்லை? குடும்பம் என்பதால்தான்.

தெரிந்தும் பேசாதவள்

விசாரணையில் நாங்கள் எதிர்பாராத பதில் செவிலியர் மருமகளிடமிருந்து வந்தது. அவள் மேசையருகே நின்றிருந்தாள். பெரிய மாமா பதில் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருந்தாள். அவர் குனிந்து துப்பாக்கியோடு மல்லுக்கட்டுவதையும் பார்த்தாள். இருவர் முன்னே நடக்கத் தொடங்கியதையும் பார்த்தாள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவள் அந்த இடத்தில் அவள் ஒருத்திதான்.

"ஏன் கத்தவில்லை?" என்று கேட்டோம்.

"மாமாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். நான் சொல்லி, அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் எல்லோர் முன்னாலும் அவரை அவமானப்படுத்தியது போல ஆகிவிடும். போன தீபாவளிக்கு வண்டி ஓட்டும்போது ஒரு வார்த்தை சொன்னதற்கே வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது."

இதைக் கேட்டதும் என்னோடு வந்த பொறுப்பாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காது மூடி, சிக்கிய தோட்டா, மூன்று பதில் ஆகிய எல்லாமே 22 நொடிகளுக்குள் ஒரே கூச்சலில் தீர்ந்திருக்கும். கூச்சல் போட வேண்டியவள் மரியாதை கருதி வாயை மூடிக்கொண்டாள்.

இது தமிழர்களிடம் மட்டும் உள்ள நோயல்ல. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று, மேலெழும்ப ஓடத் தொடங்கியிருந்த கேஎல்எம் (நெதர்லாந்து நிறுவனம்) விமானத்தின் பொறியாளர் சந்தேகத்தோடு கேட்டார். நிறுவனத்தின் முகமாகவே இருந்த மூத்த விமானி, விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் கேட்கவில்லை. அதன் பிறகுதான், இளையவர் மூத்தவரைத் தடுத்துப் பேசுவதைப் பயிற்சியாகவே விமானத் துறை சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. நம் வீடுகளில் அந்தப் பயிற்சி தலைகீழாக நடக்கிறது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளையிடம், சுடுதளத்தில் மட்டும் பேசு என்று எதிர்பார்க்க முடியாது. பேசும் உரிமையை முன்கூட்டியே, எல்லோர் முன்னிலையிலும், அந்தப் பெரியவரின் வாயாலேயே கொடுக்க வேண்டும்.

செய்யச் சொன்னவை

நாங்கள் எழுதிக் கொடுத்த பரிந்துரையில் முதலாவது இதுதான். நாள் தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து, மூத்தவர் தன் குரலில் சொல்ல வேண்டும்: "யார் நிறுத்தச் சொன்னாலும் நான் நிறுத்துவேன். தேவையில்லாமல் நிறுத்தியிருந்தாலும் கோபிக்கமாட்டேன்." 16 வயதுப் பையனுக்கும் அந்த உரிமை உண்டு. நிழலில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் உண்டு.

நிறுத்தும் முறையையும் மாற்றச் சொன்னோம். "நிறுத்து" என்ற சொல்லைக் கேட்டதும் சுடுபவர் திரும்பக் கூடாது. விரலை விசையிலிருந்து எடுத்து, முனையை மண்மேட்டின் பக்கமே வைத்து, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பெயரையோ உறவுமுறையையோ சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரைக் கேட்டால் தலை திரும்பும். தலை திரும்பினால் கையும் திரும்பும். காதில் விழாதவரை அருகில் இருப்பவர் பின்னாலிருந்து நெருங்கி, தோளைத் தொட்டு நிறுத்த வேண்டும். சுட்டுத் தெறிக்கும் சூடான தோட்டா உறை சட்டைக் கழுத்துக்குள் விழுந்தாலும் இதே விதிதான். பொறுத்துக்கொள், முனையை அசைக்காதே. தோல் கொப்பளித்தால் இரண்டு நாளில் ஆறிவிடும்.

மற்றவை எளியவை. ஒருவர் சுடாமல் வரிசையை மட்டும் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறலாம். தாள் மாற்றும் முன் அவர் ஒவ்வோர் இடமாக நடந்து போய், திறந்த அறையைக் கண்ணால் பார்த்து, அதில் நிறமுள்ள பிளாஸ்டிக் குச்சியைச் செருக வேண்டும். கடைக்கோடியில் நிற்பவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். முன்னே ஆள் இருக்கும் வரை துப்பாக்கியையோ மேசையையோ யாரும் தொடக் கூடாது, துடைக்கவும் கூடாது. ஐஸ் பெட்டி, எல்லாத் துப்பாக்கியும் பூட்டப்பட்ட பிறகுதான் திறக்கப்பட வேண்டும். அன்று அதனால் சிக்கல் இல்லை என்பது உண்மை. ஆனால் போதையில் துப்பாக்கியைக் கையாள்வது தனிக் குற்றம். இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போது "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று யாராவது எழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வரிசையைப் பார்க்கும் பொறுப்புக்குச் செவிலியர் மருமகளின் பெயரை முன்வைத்தோம். அக்கா மகன் உடனே ஒப்புக்கொண்டார். அவருடைய தாயார், "கல்யாணமாகாத பெண் மாமன் கையைப் பிடித்து நிறுத்துவதா?" என்று கேட்டார். அவளுடைய அப்பாவும் தயங்கினார். பெரிய மாமா அந்தக் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. பிறகு தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, அந்தக் காணொளியைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள், மருமகளையே போடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

தளத்தின் உரிமையாளர், ஆள் முன்னே போகும்போது ஏற்றுவதற்குக் கம்பம் நட்டுச் சிவப்புக் கொடி வாங்கி வைத்திருக்கிறார். மேசையை இரண்டு மீட்டர் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார். குரலை மட்டும் உள்ளே விட்டு வெடியோசையை அடைக்கும் மின்னணுக் காது மூடிகள் இரண்டு வாங்குவதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். விலையைப் பார்த்துவிட்டு இப்போதைக்கு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதை ஐந்தாவது இடத்தில் நிற்பவர் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பெரிய மாமா காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தோம். அதற்கு அவர் இன்னும் போகவில்லை.